கண் திரவப் பொட்டாசியத்தை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி பணி மருத்துவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதம் அரூரிலோ ஊத்தங்கரையிலோ மதிய நேரத்தில் ஒரு உடல் கிடைத்தால், உடல் சூட்டைப் பார்த்து இறந்த நேரத்தைச் சொல்ல முடியாது. வெளியே 37, 38 டிகிரி இருக்கும்போது உடல் குளிர்வதற்கு வழியே இல்லை. விறைப்பும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் திரவம். அதிலுள்ள பொட்டாசியம் இறப்புக்குப் பின் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும்.

இந்த முறையில் புதிதாக வருகிறவர்கள் சூத்திரத்தில் தடுமாறுவதில்லை. அதற்கு முந்தைய படிகளில்தான் தடுமாறுகிறார்கள். எண் வந்த பிறகு அதைத் திருத்த வழியில்லை. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பொட்டாசியம் ஏன் ஏறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

உயிரோடு இருக்கும்போது செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும். விட்ரியஸில் ஏறத்தாழ 4 முதல் 6 வரைதான். இந்த வித்தியாசத்தைத் தாங்கிப் பிடிப்பது செல் சுவரில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப். இறந்தபின் அது இயங்க ஆற்றல் கிடைக்காது. விழித்திரையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் பொட்டாசியம் மெல்லக் கசிந்து விட்ரியஸுக்குள் வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கசிவின் வேகம் சூட்டைப் பொறுத்தது. இன்னொன்று, விழித்திரையை ஒட்டிய திரவத்தில் பொட்டாசியம் அதிகம், நடுவில் குறைவு. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்காகத்தான்.

ரத்தத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று மாணவர்கள் கேட்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து சில மணி நேரத்திலேயே பொட்டாசியம் தாறுமாறாக ஏறிவிடும். கண் உருண்டை மூடிய இடம். கிருமியும் அழுகலும் அங்கே தாமதமாகத்தான் எட்டும்.

2. இந்த உடலுக்கு முறை பொருந்துமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கைந்து நாட்களுக்கு உட்பட்ட, கண் கெடாத, வயது வந்தவரின் உடல் என்றால் தொடரலாம்.

கண் உருண்டை சுருங்கிப் பழுப்பு நீர் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். தீயில் கருகிய உடல், கண்ணில் அடிபட்டு ரத்தம் கசிந்த உடல், கைக்குழந்தை ஆகியவற்றுக்கும் பெரியவர்களின் சூத்திரம் பொருந்தாது. ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்தோ கே.ஆர்.பி. அணையிலிருந்தோ எடுத்த உடலில் தண்ணீரின் குளிர்ச்சி கசிவைத் தாமதப்படுத்தியிருக்கும். நீண்ட நேரம் ஊறியிருந்தால் திரவத்தின் உப்புகளே மாறியிருக்கும். அங்கே எண் வந்தாலும் அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம்.

கண் தானத்துக்குக் குடும்பத்தார் சம்மதித்திருந்தால், ஊசியை எடுப்பதற்கு முன் கண் வங்கியிடம் பேசுங்கள். இறந்ததிலிருந்து அவர்களுக்கு ஆறு மணி நேரம்தான் அவகாசம்.

3. உடலை ஃப்ரீசரில் வைப்பதற்கு முன் கடிதம், வெப்பமானி, ஊசி

பெரும்பாலான கேஸ்கள் வீணாவது இந்தப் படியில்தான். 2021 நவம்பரிலிருந்து வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் அனுமதித்திருக்கிறது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை பொதுவாக அந்த அனுமதியில் வராது. நமக்கு இறந்த நேரம் தேவைப்படுவதோ அந்த வழக்குகளில்தான். அதனால் மாலையில் வந்த உடல் இரவெல்லாம் 4 டிகிரியில் கிடந்து காலையில் மேசைக்கு வருகிறது. குளிரில் கசிவு மிகவும் மந்தமாகிவிடும். ஃப்ரீசரில் கழிந்த மணிகளையும் வெளியில் கழிந்த மணிகளையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு பொய்யாகிவிடும்.

உடல் வந்தவுடன் சப்-இன்ஸ்பெக்டரிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194 பிரிவின் கீழான விசாரணைக் கோரிக்கைக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்ததும், உடலை உள்ளே வைப்பதற்கு முன்பே விட்ரியஸ் எடுத்துவிடுங்கள். மற்ற பரிசோதனை காலையில் நடக்கட்டும். கடிதம் வரத் தாமதமானால், உடலை உள்ளே வைத்த நேரத்தையும் வெளியே எடுத்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "ராத்திரி வெச்சது, காலையில எடுத்தது" என்ற பதில் எதற்கும் உதவாது.

வீட்டில் இறந்து, பிறகு சந்தேகம் எழுந்து வரும் உடல்களில் இன்னொன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்களில் இப்போது வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் சில மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. எத்தனை மணிக்கு அதில் வைத்தார்கள், கரன்ட் போயிருந்ததா என்று குடும்பத்தில் ஒருவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்பது கஷ்டம்தான். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவரிடம் கேட்டால் சரியான நேரம் கிடைக்கும்.

4. இடத்தின் சூட்டை எழுதுங்கள், கதையை இப்போது படிக்க வேண்டாம்

உடல் கிடந்த இடத்தின் வெப்பநிலை வேண்டும், மருத்துவமனையின் வெப்பநிலை அல்ல. போலீஸிடம் கேட்டால் செல்போனில் காட்டும் ஊர் வெப்பநிலையைச் சொல்வார்கள். தகரக் கூரை வீட்டுக்கும் மாந்தோப்பு நிழலுக்கும் அந்த எண் ஒன்றாக இருக்க முடியாது. முடிந்தால் நீங்களே போங்கள். முடியாவிட்டால் ஒரு சாதாரண வெப்பமானியைக் கொடுத்தனுப்பி, உடல் கிடந்த தரையிலும் அரை மீட்டர் உயரத்திலும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வெயிலா நிழலா, மண்ணா சிமென்ட்டா, விசிறி ஓடியதா, மழை பெய்ததா என்பதையும் சேர்க்கட்டும்.

கடைசியாக எப்போது பார்த்தார்கள், போனில் கடைசி அழைப்பு எப்போது என்ற தகவல்களை மட்டும் இப்போது படிக்காதீர்கள். அவை தெரிந்தால், பின்னால் 9-ஆம் படியில் வரும் நான்கு சூத்திரங்களில் எது ஒத்துவருகிறதோ அதைத்தான் கை எழுதும். உங்கள் வரம்பை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாள்களைத் திறக்கலாம்.

5. தேவையானவற்றை மேசையில் எடுத்து வையுங்கள்

கண்ணுக்கு ஒன்றாக இரண்டு புதிய 5 மில்லி சிரிஞ்சுகள், இரண்டு 20 கேஜ் ஊசிகள், எந்த வேதிப்பொருளும் சேராத வெறும் குழாய்கள், லேபிள், கையுறை, கண்ணாடி, கொஞ்சம் சலைன். 20 கேஜ் ஊசியின் அடிப்பகுதி மஞ்சள். ஐ.வி. கேனுலாவில் அதே அளவு இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். குழம்பிவிட வேண்டாம்.

குழாய் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசிய உப்பு. சாம்பல் மூடிக் குழாயில் பெரும்பாலும் சோடியம் ஃப்ளூரைடுடன் பொட்டாசியம் ஆக்ஸலேட் இருக்கும். இவற்றில் ஊற்றினால் நீங்கள் அளப்பது குழாயின் பொட்டாசியத்தைத்தான். ஆல்கஹாலுக்கோ குளுக்கோஸுக்கோ சாம்பல் குழாய் தேவைப்பட்டால், வெறும் குழாயை முதலில் நிரப்பிவிட்டு மிச்சத்தை அதில் ஊற்றுங்கள்.

6. திரவத்தை எடுப்பது

இமையை விலக்கி, கண்ணின் வெளி ஓரத்தில், கருவிழி விளிம்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி ஊசியை நுழைத்து, உருண்டையின் நடுவை நோக்கிச் செலுத்துங்கள். ஊசி முனை கண் பாப்பா வழியாகத் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவரைத் தொடக் கூடாது.

பிஸ்டனை மெதுவாக, விட்டு விட்டு இழுங்கள். திரவம் முட்டை வெள்ளை போலக் கெட்டியாக இருப்பதால் சட்டென்று வராது. அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் விழித்திரைத் துணுக்குகள் பிய்ந்து வரும். அவை பொட்டாசியம் நிறைந்த செல்கள். ஒரு துணுக்கு போதும் எண்ணை ஏற்றிவிட.

இன்னொரு தவறு, ஒரு மில்லி வந்ததும் போதுமென்று நிறுத்துவது. நடுவிலும் ஓரத்திலும் அளவு வேறு என்று மேலே சொன்னேன். வருகிற அளவு முழுவதையும், பெரியவர்களில் கண்ணுக்கு 2 முதல் 3 மில்லி வரை, எடுத்தால்தான் சராசரி கிடைக்கும்.

நிறத்தைப் பாருங்கள். நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ ரத்தமோ பழுப்போ தெரிந்தால் எழுதி வையுங்கள். அந்தக் கண்ணின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு கண்ணையும் தனித்தனிக் குழாயில் ஊற்றி, "வலது", "இடது" என்று எழுதி, இரண்டின் நேரத்தையும் நிமிடத்தோடு குறியுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

எடுத்த அளவுக்கு சலைனைத் திரும்பச் செலுத்துங்கள். கண் குழிந்த முகத்தைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது. இதைச் செய்யாமல் உடலைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. சலைன் செலுத்திய கண்ணிலிருந்து மறுபடி எடுக்க முடியாது என்பதால், செலுத்தியதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

7. லேபுக்குக் கொடுக்கும்போது நேரில் பேசுங்கள்

பொட்டாசியம் பார்க்கத் தனி ஆய்வகம் வேண்டாம். மருத்துவமனை பயோகெமிஸ்ட்ரி லேபில் உள்ள எலக்ட்ரோலைட் மெஷின் போதும். ஆனால் அங்கே இருப்பவர் சீரம் என்று நினைத்து அப்படியே ஓட்டிவிடுவார். கெட்டித் திரவம் மெஷினின் குழாயை அடைக்கும், அல்லது குறைவாக உறிஞ்சப்பட்டுப் பொய்யான எண் வரும்.

முதலில் 3000 சுற்றில் பத்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல் திரவத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் இழை இழையாக இருந்தால், ஹையலுரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்த்தோ, மூடிய குழாயைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தோ இளக்கலாம். எந்த வழியானாலும் இரண்டு கண்ணுக்கும் ஒரே வழி.

மெஷினின் மேல் எல்லை என்ன என்று கேளுங்கள். சீரத்துக்காக அமைத்த மெஷின் இரண்டாம் நாள் விட்ரியஸைப் பார்த்துவிட்டு எண்ணுக்குப் பதில் "எல்லைக்கு மேல்" என்று காட்டக்கூடும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை ஓட்டட்டும். உடனே ஓட்ட முடியாவிட்டால், சென்ட்ரிஃப்யூஜ் செய்து பிரித்த பிறகு 4 டிகிரியில் வைக்கலாம். பிரிக்காமல் வைத்தால் மிதக்கும் செல்கள் குழாய்க்குள்ளேயும் கசியும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. லேபில் 0.2 மில்லிமோல் தவறினால் இறந்த நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்.

8. பொட்டாசியத்துக்கு முன் மற்ற எண்களைப் பாருங்கள்

சோடியம், குளோரைடு, யூரியா, குளுக்கோஸ் நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். இவைதான் பொட்டாசியத்தை நம்பலாமா என்று சொல்லும்.

சோடியம் 130 முதல் 155, குளோரைடு 105 முதல் 135 வரை இருந்தால் தொடரலாம். இரண்டும் அதற்குக் கீழே போய்ப் பொட்டாசியம் 20-க்கு மேல் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, கணக்கு வேண்டாம். இரண்டும் குறைந்து பொட்டாசியம் 15-க்குள் இருந்தால் உயிரோடு இருந்தபோதே உப்பு குறைந்திருக்கலாம். நாள்பட்ட குடியால் ஈரல் கெட்டவர்களிடம் இப்படி வரும். சோடியம் 155-க்கும் குளோரைடு 135-க்கும் மேல் போய் யூரியாவும் ஏறியிருந்தால் நீரிழப்பு.

யூரியா 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அவர் நோயில் கிடந்து இறந்திருக்கக்கூடும், தொடக்கப் பொட்டாசியமே உயர்ந்திருக்கலாம். அந்தக் கேஸை இந்த முறையிலிருந்து விலக்குவது நல்லது. குளுக்கோஸ் இறந்தபின் குறைந்துகொண்டே போகும் என்பதால் குறைந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. 200-க்கு மேல் இருந்தால் மட்டும் சர்க்கரை நோயை நினையுங்கள். அது இறப்பின் காரணத்துக்கே துப்பாகலாம்.

9. கணக்கு

புழக்கத்தில் உள்ள நான்கு சூத்திரங்கள் இவை. விடை மணிகளில் வரும்.

ஸ்டர்னர், 1963: 7.14 × பொட்டாசியம் − 39.1
மாடேயா, 1989: 5.26 × பொட்டாசியம் − 30.9
ஜேம்ஸ், 1997: 4.32 × பொட்டாசியம் − 18.35
முன்யோஸ், 2001: 3.92 × பொட்டாசியம் − 19.04

பொட்டாசியம் 10 என்று வைத்துப் பாருங்கள். முன்யோஸ் 20 மணி என்கிறார், மாடேயா 22, ஜேம்ஸ் 25, ஸ்டர்னர் 32. ஒரே கண், ஒரே எண், பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் வேறு நாட்டில், வேறு தட்பவெப்பத்தில், வேறு மெஷினில் அளந்தது. பழைய சூத்திரங்கள் நேரத்தை வைத்துப் பொட்டாசியத்தைக் கணித்துவிட்டு, பிறகு அதையே தலைகீழாகத் திருப்பின. 2001 சூத்திரம் பொட்டாசியத்தை வைத்து நேரத்தை நேரடியாகக் கணித்தது. நமக்குத் தேவையும் அந்தத் திசைதான்.

நான் மாடேயாவையும் முன்யோஸையும் சேர்த்துப் போடுகிறேன். ஸ்டர்னரை மட்டும் போட்டு நேரத்தை எழுதிவிடாதீர்கள்.

பொட்டாசியம் 5.8 வந்தால் மாடேயா சூத்திரம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். லேபைக் குறை சொல்ல வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் இந்த முறைக்குக் கூர்மை இல்லை, அவ்வளவுதான். அங்கே விறைப்பும் உடல் சூடும்தான் வழி. மாடேயா சூத்திரத்துக்கு 95 சதவீத எல்லை இரு பக்கமும் ஏறத்தாழ 20 மணி நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

10. ஊருக்கு ஏற்ற திருத்தம்

சூட்டையும் சேர்த்துக் கணிக்கும் முறைகள் 2015-லும் 2016-லும் வெளிவந்தன; முன்னது வயதையும் சேர்க்கிறது. பின்னது, இறந்தபின் விட்ரியஸில் ஏறும் இன்னொரு பொருளான ஹைப்போசேந்தினையும் அளக்கச் சொல்கிறது. அதற்கு வேண்டிய கருவி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. ஆனால் திசை தெரிந்திருந்தாலே பெரிய பிழைகள் தவிரும்.

பென்னாகரம், அரூர் பக்கம் கோடையில் கசிவு வேகமாக நடக்கும். சூத்திரம் உண்மையை விட அதிக மணிகளைக் காட்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை இரவில் 15 டிகிரிப் பக்கம் போகும்போது நேர்மாறு: உண்மையை விடக் குறைவாகக் காட்டும். தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் பகலும் இரவும் பெரிதாக மாறும் என்றால், உடல் இரண்டையும் எத்தனை முறை கடந்தது என்று பாருங்கள்.

எவ்வளவு மணி கழிப்பது என்று ஒரு நிலையான எண் கிடையாது. வரம்பின் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்குத்தான் இந்தத் திருத்தம்.

11. கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம்

புரிவதற்காக நான் அமைத்த உதாரணம் இது. மே மாதம், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. புதன்கிழமை காலை உடல் கிடைத்தது. காலை 11 மணிக்கு விட்ரியஸ் எடுத்தாயிற்று, ஃப்ரீசரில் வைக்கவில்லை. வலது 11.4, இடது 11.2. சோடியம் 142, குளோரைடு 118, யூரியா 34. நம்பலாம்.

சராசரி 11.3. மாடேயா 28.5 மணி, முன்யோஸ் 25.3. எல்லையைச் சேர்த்தால் ஏறத்தாழ 8 மணியிலிருந்து 48 மணி வரை. இதோடு நிறுத்தினால் விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை. உடலைப் பாருங்கள். தாடையிலும் கழுத்திலும் விறைப்பு விலகிவிட்டது, கால்களில் மட்டும் மிச்சம். வலது அடிவயிற்றில் பச்சை நிறம் நன்றாகப் படர்ந்திருக்கிறது. மூக்கருகே ஈ முட்டைகள் பொரிந்து சிறு புழுக்கள்.

கோடையில் விறைப்பு 18 முதல் 36 மணிக்குள் விலகும் என்பது நம் நாட்டுப் பாடநூல் அளவு. கால்களில் இன்னும் இருப்பதால் 36 மணியைத் தாண்டியிருக்க வாய்ப்புக் குறைவு. சூட்டுத் திருத்தமும் மேல் எல்லையைக் கீழே இழுக்கிறது. பச்சை நிறம் கோடையில் 12 முதல் 18 மணியில் தோன்றத் தொடங்கும். அது நன்றாகப் படர்ந்திருப்பதும் புழுக்கள் வந்திருப்பதும் கீழ் எல்லையை 18 பக்கம் கொண்டுவருகின்றன. ஆக 18 முதல் 36 மணி: திங்கள் இரவு 11 மணியிலிருந்து செவ்வாய் மாலை 5 மணி வரை.

கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகு போலீஸ் தாளைத் திறங்கள். செவ்வாய் காலை 6.15-க்கு அவர் போனில் பேசியதாக இருந்தால் உங்கள் வரம்புக்குள் அது உட்காருகிறது. வரம்பை இன்னும் சுருக்குவது விசாரணை அதிகாரியின் வேலை. அந்த அழைப்பைக் காட்டி உங்கள் அறிக்கையைத் திருத்தக் கூடாது.

இரண்டு கண்ணுக்கும் ஒரு மில்லிமோலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்க வேண்டாம். எந்தக் கண் கலங்கலாக இருந்தது, எந்தக் குழாய் பிரிக்காமல் காத்திருந்தது என்று தேடுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் இரண்டு எண்ணையும் அப்படியே எழுதி, வரம்பை அகலமாக்குங்கள்.

12. அறிக்கையில் எழுதுவது

"இறந்து 28 மணி 30 நிமிடம்" என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். வரம்பாக எழுதுங்கள். எந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினீர்கள் என்பதையும் சேருங்கள். பரிசோதனை தொடங்கிய நேரம் வேறு, விட்ரியஸ் எடுத்த நேரம் வேறு. மாலையில் எடுத்துக் காலையில் பரிசோதித்தால் இரண்டுக்கும் நடுவே பல மணி நேரம் போயிருக்கும்.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "விட்ரியஸ் பொட்டாசியம், விறைப்பு, அழுகல் அடையாளங்கள், இடத்தின் வெப்பநிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், புதன்கிழமை காலை 11 மணிக்கு உத்தேசமாக 18 முதல் 36 மணி நேரத்துக்கு முன் இறப்பு நேர்ந்திருக்கலாம்." எந்தச் சூத்திரம், எந்த மெஷின், எந்த வகைக் குழாய் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவில் உங்கள் சொல் நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ளப்படும். கருத்துக்கு அடிப்படை என்ன என்று வக்கீல் கேட்பது நியாயம்தான். வெப்பமானி எண்கள், ஃப்ரீசர் நேரங்கள், லேபின் இரண்டு ஓட்டங்களின் சீட்டு, கையால் போட்ட கணக்குத் தாள் இவற்றின் நகலை அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள். சாட்சி சம்மன் வருவதற்குள் உங்களுக்கு இரண்டு மாறுதல் வந்திருக்கும். கோப்பு துறையிலேயே இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் அல்ல.